ஸ்டோர்ஸில் நடக்க இடமில்லை, லைனில் ஓட்டப் பொருள் இல்லை: பிளானிங்கில் எங்கே தப்பு?

பம்ப்செட்_பிளானர்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் நடுத்தர அளவு பம்ப் கம்பெனி ஒன்றில் பிளானிங் பார்க்கிறேன். போர்வெல் சப்மெர்சிபிள், ஓபன்வெல், மோனோபிளாக் மூன்றும் ஓடுகிறது. எச்.பி., ஸ்டேஜ் (உள்ளே அடுக்குகிற இம்பெல்லர் எண்ணிக்கை), அவுட்லெட் சைஸ், சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் என்று பெருக்கிப் பார்த்தால் 300 மாடலுக்கு மேல் வரும். மாதாமாதம் தவறாமல் விற்பது 40, 50 தான். மீதி எல்லாம் எந்த ஊரிலோ எந்த டீலரோ என்றைக்கோ கேட்டார் என்று விலைப்பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொண்டவை, இறக்கிவிட யாருக்கும் மனசில்லை.

தினமும் காலை ஒன்பதரைக்கு ஷார்டேஜ் மீட்டிங். ஒரு நாள் டிஃப்யூசர் காஸ்டிங் (பம்ப்புக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும் வார்ப்புப் பாகம்) இல்லை, மறுநாள் த்ரஸ்ட் பேரிங் இல்லை, அதற்கு அடுத்த நாள் பாட்டம் கவர் மெஷினிங்குக்குப் போனது திரும்பவில்லை, அப்புறம் அதிசயமாக எல்லாம் இருக்கிற ஒரு நாளில் பேக்கிங் பெட்டி இருக்காது. ஆனால் ஸ்டோர்ஸுக்குள் போனால் கால் வைக்க இடம் கிடையாது! எல்லாப் பொருளுக்கும் 15 நாள் ஸ்டாக் வைக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு விதி போட்டுவிட்டுப் போனார், அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

போன சீசனில் சேல்ஸ் கொடுத்த எண்ணிக்கையை நம்பி ஜனவரியிலேயே மோட்டாருக்கான ஸ்டாம்பிங் தகடும் வைண்டிங் ஒயரும் வாங்கிக் குவித்தோம். ஏப்ரலில் கோடை மழை கொட்டியதும் டீலர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள், அந்தச் சரக்கு தீபாவளி வரைக்கும் கிடந்தது. இதற்கு நடுவே சோலார் பம்ப் டெண்டர் ஒன்று கிடைத்தது, பிஎம் குசும் திட்டத்தில். அது வந்ததும் வழக்கமாக ஓடுகிற மாடலுக்கு வைத்திருந்த மோட்டாரை எல்லாம் எடுத்து அதில் போட்டோம், வழக்கமான டீலர்கள் கத்தினார்கள்.

இப்போது எம்.டி. புது சாஃப்ட்வேர் வாங்கலாம் என்கிறார். ஏ.ஐ. வைத்து ஃபோர்காஸ்ட் போடும் என்று ஒருவர் வந்து டெமோ காட்டிவிட்டுப் போனார். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது, எம்.டி.க்குச் சுற்றவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். சாஃப்ட்வேர் இதைத் தீர்க்குமா? சேஃப்டி ஸ்டாக், அதாவது தட்டுப்பாடு வராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு, எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? காஸ்டிங் ஊற்றித் தரும் பவுண்டரியிடம் லீட் டைமை, அதாவது ஆர்டர் போட்டுச் சரக்கு வர ஆகும் நாட்களை, பாதியாகக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறேன், அவர்கள் அசைய மாட்டேன் என்கிறார்கள், வேறு வழி என்ன?

ஓசூர்வாசி

சாஃப்ட்வேர் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் சிஸ்டத்தில் 120 என்று காட்டுகிற பொருளை ஸ்டோர்ஸில் போய் எண்ணினால் 120 இருக்குமா? நாளைக்கே எண்ணிப் பாருங்கள். நிறைய ஓடும் பார்ட்டில் ஒரு இருபதை மட்டும் எடுத்து, ஸ்டோர்ஸ்காரரிடம் முன்கூட்டிச் சொல்லாமல்.

நான் ஓசூரில் ஆட்டோ காம்போனென்ட் கம்பெனியில் இருக்கிறேன். எங்களுக்கும் இதே கதை இருந்தது. உட்கார்ந்து பார்த்தபோது ரிஜக்‌ஷன் ஆனதை யாரும் சிஸ்டத்தில் கழிக்கவில்லை, ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு) டெலிவரி சலான் போட்டு அனுப்பியது போனபடியே இருக்கிறது, டிசைன்காரர்கள் போல்ட்டை மாற்றிவிட்டார்கள் ஆனால் பி.ஓ.எம்.மில் (பார்ட் பட்டியலில்) பழைய போல்ட்தான் நிற்கிறது. இந்த லட்சணத்தில் எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் தப்பான கணக்கை வேகமாகப் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். ஜாப் ஒர்க் சரக்கைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஜி.எஸ்.டி.யிலும் அது மாட்டிவிடும். அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வராவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். ஆடிட்டுக்காகவாவது அதை ஒழுங்குபடுத்துங்கள்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், உங்கள் எம்.டி.யிடம் காட்டலாம். ஒரு பம்ப்புக்கு 40 பார்ட் வேண்டும். ஒவ்வொரு பார்ட்டும் தேவைப்படும் நேரத்தில் கையில் இருப்பதற்கு 98% வாய்ப்பு என்று வையுங்கள். 98% என்றால் சூப்பர் என்று தோன்றும். ஆனால் 40-ம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமே? 0.98-ஐ 40 தடவை பெருக்கினால் 0.45 வரும். அதாவது பாதிக்கு மேல் நாட்களில் ஏதோ ஒன்று குறையும். உங்கள் ஒன்பதரை மணி மீட்டிங் ஏன் தினமும் நடக்கிறது என்பதற்கு இதுதான் விடை. ஸ்டோர்ஸ்காரரைத் திட்டிப் பயனில்லை.

வருஷக் கடைசியில் ஒரே மூச்சில் எண்ணுவதை விடுங்கள். ஏ வகைப் பொருளை (மதிப்பு அதிகமுள்ளதை) வாரம் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண்ணுவதோடு நிறுத்தாமல் வித்தியாசம் ஏன் வந்தது என்று தோண்டவும் வேண்டும், அதுதான் முக்கியம்.

பழைய_பர்ச்சேஸ்

தம்பி, 30 வருஷம் பர்ச்சேஸிலும் மெட்டீரியல்ஸிலும் குப்பை கொட்டிவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 15 நாள் விதியை முதலில் தூக்கி எறியுங்கள். ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருவில் வாங்குகிற பெட்டிக்கும் 15 நாள், பவுண்டரியிலிருந்து வரவேண்டிய டிஃப்யூசருக்கும் 15 நாள் என்றால் என்ன அர்த்தம்?

ஒரு காஸ்டிங்கை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சராசரியாக 40 வேண்டும். அது கூடிக் குறைவதன் திட்ட விலக்கம் 12 என்று வையுங்கள், எக்செல்லில் ஒரே ஃபார்முலாவில் வந்துவிடும். பவுண்டரி சராசரியாக 16 நாளில் தருகிறது. நூற்றில் 95 தடவை தட்டுப்பாடு வரக் கூடாது என்றால் புத்தகம் சொல்வது 1.65 (95%-க்கான பெருக்கெண்) × 12 × 16-ன் வர்க்கமூலம். 1.65 × 12 × 4 = 79. சரி, 80 வைத்தால் போதும் என்று நாமும் வைப்போம், லைனும் நிற்கும்.

ஏன் நிற்கிறது? 16 நாள் என்றால் எப்போதும் 16-ஆம் நாள் காலையில் வண்டி வாசலில் வந்து நிற்கும் என்று அந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் ஒரு தடவை 11 நாள், ஒரு தடவை 22 நாள். இந்த இழுபறிக்கும் ஒரு விலக்கம் உண்டு இல்லையா, அதை 4 நாள் என்று வைத்துப் பாருங்கள். இப்போது 16 × 144 = 2,304. அதோடு 40-ன் வர்க்கம் 1,600, அதை 4-ன் வர்க்கமான 16-ஆல் பெருக்கினால் 25,600. இரண்டையும் கூட்டினால் 27,904, அதன் வர்க்கமூலம் 167, 1.65-ஆல் பெருக்கினால் 276 வருகிறது. 80 எங்கே, 276 எங்கே! மேலே இருக்கிற இரண்டு எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். விற்பனை ஏறி இறங்குவதால் வந்தது வெறும் 2,304. சப்ளை இழுபறியால் வந்தது 25,600. நாம் எல்லோரும் ஃபோர்காஸ்ட் சரியில்லை ஃபோர்காஸ்ட் சரியில்லை என்று சேல்ஸைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பவுண்டரியோடு சண்டை போட்டு 16 நாளை 8 ஆக்கிவிட்டீர்கள், ஆனால் இழுபறி அதே 4 நாள் என்றால் எவ்வளவு வைக்க வேண்டும்? 270. இத்தனை சண்டைக்கும் மிச்சம் ஆறு காஸ்டிங். 16 நாள் 16 ஆகவே இருக்கட்டும், இழுபறியை மட்டும் 2 நாளுக்குக் கொண்டுவாருங்கள், 154 போதும். லீட் டைம் குறைவதே வீண் என்று சொல்லவில்லை, வழியில் கிடக்கிற ஆர்டர் பாதியாகும், எதிர்காலத்தை அவ்வளவு தூரம் எட்டிப் பார்க்க வேண்டியதும் இல்லை. ஆனால் காலை மீட்டிங்கில் உங்களைக் கழுவி ஊற்றுவது லீட் டைம் நீளமாக இருப்பதால் இல்லை, சொன்ன தேதியில் வராததால்.

ஆகவே செய்யவேண்டியது ஒன்றுதான். போன ஆறு மாத பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) போட்ட தேதியையும் ஜி.ஆர்.என். (சரக்கு வந்து சேர்ந்த ரசீது) தேதியையும் எடுத்து, முக்கியமான 30 பார்ட்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் சராசரியாக லேட் என்று பார்க்காதீர்கள், யார் கணிக்கவே முடியாதபடி வருகிறார்கள் என்று பாருங்கள். எப்போதும் சரியாக 5 நாள் லேட்டாக வருகிறவர் நல்லவர், அவரை 5 நாள் முன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, மாதம் மூன்று விற்கிற மாடலுக்கு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள், அபத்தமான விடை வரும். அதெல்லாம் ஆர்டர் வந்தபின் செய்து கொடுக்கவேண்டியது. டெண்டரும் அப்படித்தான், எண்ணிக்கையும் தேதியும் கையெழுத்தாகி வந்திருக்கிறதே, அதை எதற்கு ஃபோர்காஸ்ட்டுக்குள் கலக்கிறீர்கள்? தனி வரி, தனி சரக்கு, டெண்டர் மோட்டாருக்குத் தனி ரேக். கை வைத்தவன் பதில் சொல்ல வேண்டும்.

எக்செல்_பக்தன்

சாஃப்ட்வேர் வேண்டாம். பைவட் டேபிள் போதும். காசு மிச்சம்.

வார்ப்படக்காரன்

பெரியவர் சொன்ன கணக்கு அருமை. ஆனால் அந்த 4 நாள் இழுபறி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே. நான் அரசூர் பக்கம் சின்ன பவுண்டரி நடத்துகிறேன். உங்களை மாதிரி ஆறு கம்பெனிக்கு ஊற்றுகிறேன், அதனால் ஆறு பிளானருடைய மெயிலும் எனக்கு வரும். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாதுங்க.

திங்கட்கிழமை காலையில் ஒன்றரை எச்.பி. டிஃப்யூசர் 400 அவசரம் என்று மெயில் வரும். பேட்டர்னை (வார்ப்பு மாதிரியை) மாட்டி, கோர் (உள்துளைக்கான மணல் அச்சு) அடித்து, செவ்வாய்க்கிழமை பாதிப் பெட்டி ஊற்றியிருப்போம். புதன் மதியம் போன் வரும், அதை நிறுத்துங்க, 2 எச்.பி. கொடுங்க, லைன் நிற்கிறது என்று. சரி என்று பேட்டர்னைக் கழற்றி மாற்றுவோம். வெள்ளிக்கிழமை உங்கள் ஸ்டோர்ஸிலிருந்து இன்னொருவர் கூப்பிட்டு அந்த 400-ல் பாக்கி எப்போது என்பார். நான் அடித்து வைத்த கோரை என்ன செய்ய? ஊற்றினதை மறுபடி உருக்கலாம், ஆனால் ஒரு டன் உருக்க 600 யூனிட் அளவுக்குக் கரண்ட் இழுக்கும், அந்தக் காசை யார் தருவது? இப்படி மூன்று தடவை நடந்தபின், உங்கள் மெயிலில் அவசரம் என்று இருந்தால் இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்ப்பது என்று என் சூப்பர்வைசரே முடிவு செய்துவிட்டான். பாதி அவசரம் தானாக ரத்தாகிவிடுகிறது. நீங்கள் சொல்கிற இழுபறியில் அந்த இரண்டு நாளும் உண்டு.

அப்புறம் ஹோலி. என்னிடம் மோல்டிங்கிலும் ஃபெட்லிங்கிலும் (காஸ்டிங்கைச் சுத்தம் செய்வதிலும்) இருப்பவர்களில் முக்கால்வாசி பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். ஹோலிக்கு ஊருக்குப் போனால் எல்லோரும் திரும்பி வந்து சேர மூன்று வாரம் ஆகும். ஹோலி மார்ச்சில், உங்கள் சீசனும் மார்ச்சில்! வருஷா வருஷம் இது நடக்கிறது, காலண்டரில் தேதியே போட்டிருக்கிறது, ஆனால் ஒரு பிளானராவது ஜனவரியில் என்னைக் கூப்பிட்டு ஹோலிக்கு முன்னால் எவ்வளவு ஊற்றித் தர முடியும் என்று கேட்டதில்லை. பொங்கலும் தீபாவளியும் உங்களுக்கும் லீவு என்பதால் ஞாபகம் இருக்கிறது.

கடைசியாக, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், காசு. எங்களை மாதிரி சின்ன யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் 43பி(எச்) என்று கொண்டுவந்தார்கள், கெடு தாண்டி வருஷம் முடிந்தும் தராமல் வைத்திருக்கும் தொகையை அந்த வருஷச் செலவில் கழிக்க முடியாது. அதற்குப் பயந்து சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையே ரத்து செய்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்ட கஸ்டமரும் உண்டு. பெயர் வேண்டாம். ஆறு பேரில் யார் 30 நாளில் தருகிறாரோ அவருடைய பேட்டர்ன்தான் என் ஷெட்டில் முதலில் ஏறும், இது எந்தப் பவுண்டரியில் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

லீட் டைமைப் பாதியாக்கு என்று கேட்பதை விட்டுவிட்டு, மூன்று வாரம் மாற்றாத ஒரு செட்யூல் கொடுங்கள். அதில் நான் தேதி தவறினால் கேளுங்கள்.

பம்ப்செட்_பிளானர்

ஐயா, கோபமெல்லாம் இல்லை. புதன் மதியம் போன் செய்கிற ஆள் நான்தான் என்று நினைக்கிறேன், உங்களிடம் இல்லாவிட்டாலும் வேறொரு பவுண்டரியிடம்.

ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. செட்யூலை நான் ஆசைப்பட்டு மாற்றுவதில்லை. மாதத்தில் முதல் மூன்று வாரம் டெஸ்பாட்ச் தூங்கும், கடைசி வாரத்தில் சேல்ஸ் வந்து அந்த மாடல் வேண்டும் இந்த மாடல் வேண்டும் என்று குதிக்கும், அந்த ஒரு வாரத்தில் பாதி மாத பில்லிங் போகும். அப்படி இருக்கும்போது மூன்று வாரத்தை எப்படிப் பூட்டுவது?

திண்டுக்கல்_மோட்டார்ஸ்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கடைசி வாரத்துக்குக் காரணம் நாங்கள், இல்லை நீங்கள், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் கடை வைத்திருக்கிறேன். மாதம் 25 தேதி ஆனால் கம்பெனி ரெப் வருவார், இத்தனை பீஸ் எடுத்தால் இத்தனை சதவீதம் கூடுதல், வருஷ டார்கெட் தொட்டால் டூர் என்பார். அப்புறம் 10-ஆம் தேதி ஆர்டர் போட எனக்கென்ன பைத்தியமா? என் கடையில் விவசாயி வந்து வாங்குவது மாதம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சீராகத்தான் நடக்கிறது. போர் போட்டுத் தண்ணீர் வந்த அன்றைக்குப் பம்ப் வாங்குவான், மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்க மாட்டான்.

இன்னொரு ரகசியமும் சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் ஸ்டாக் இல்லை என்று போன சீசனில் கேள்விப்பட்டேன் என்றால், இந்த சீசனில் 20 வேண்டிய இடத்தில் 40 போடுவேன், இன்னொரு கம்பெனியிலும் 20 போடுவேன். யார் முதலில் தருகிறாரோ அவரிடம் எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்துவிடுவேன். நீங்கள் அந்த 40-ஐப் பார்த்து டிமாண்ட் ஏறுகிறது என்று நினைத்து ஒயர் வாங்கிக் குவித்திருப்பீர்கள். மழை வந்ததால் ஆர்டர் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி உண்மை. மீதிப் பாதி இதுதான்.

ஓசூர்வாசி

திண்டுக்கல்காரர் சொன்னதற்கு ஒரு பெயரே இருக்கிறது. சாட்டையைக் கைப்பிடியில் லேசாக ஆட்டினால் நுனி எப்படித் துள்ளுகிறதோ அப்படி, கடையில் சின்னதாக ஆடுவது பவுண்டரிக்குப் போவதற்குள் பெரிய ஆட்டமாகிவிடும். புல்விப் எஃபெக்ட் என்பார்கள். 1997-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஹாவ் லீயும் கூட இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில் காரணமாகச் சொன்ன நான்கில் மூன்று இந்தத் திரியிலேயே வந்துவிட்டது: தள்ளுபடி கொடுத்து ஆர்டரைக் குவிப்பது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தட்டுப்பாடு வரும் என்று கூட்டிக் கேட்பது. நான்காவது, வந்த ஆர்டரையே நிஜ விற்பனை என்று நம்பி ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஃபோர்காஸ்ட் போடுவது. அதையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள். நாலுக்கு நாலு, வாழ்த்துகள்.

ஸ்கீமை நிறுத்தச் சொல்ல உங்களால் முடியாது, அது எம்.டி. லெவல். ஆனால் ஒன்று கேட்கலாம், மாதக் கடைசி ஸ்கீமை வாராந்திர ஸ்கீமாக மாற்ற முடியுமா என்று. முடியாவிட்டாலும் பெரிய 20 டீலரிடம் வாரம் ஒரு தடவை கடையில் என்ன விற்றது என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். உங்கள் பில்லிங்கை வைத்துப் போடுகிற ஃபோர்காஸ்ட்டைவிட அது நூறு மடங்கு மேல்.

செட்யூலைப் பூட்டுவது பற்றி. எங்கள் கஸ்டமர் எங்களுக்குச் செய்வதை நீங்கள் பவுண்டரிக்குச் செய்யலாம். முதல் இரண்டு வாரம் யாரும் தொடக் கூடாது. அடுத்த இரண்டு வாரம் மாடல் மாறலாம், ஆனால் மொத்த டன் மாறக் கூடாது, அவருக்கு உருக்குகிற கணக்கு வேண்டும். அதற்கு அப்பால் வெறும் தகவல். சேல்ஸ் குதித்தால் என்ன செய்வது என்கிறீர்கள். குதிக்கட்டும், ஆனால் காஸ்டிங்கில் குதிக்க விடாதீர்கள், அசெம்பிளியில் குதிக்க விடுங்கள். உங்கள் 4 இன்ச் சப்மெர்சிபிளில் ஒரே 1 எச்.பி. மோட்டார்தானே 10 ஸ்டேஜுக்கும் 12-க்கும் 15-க்கும் போகிறது? அப்புறம் எதற்கு முழுப் பம்ப்பாகச் செய்து பெட்டியில் போட்டு வைக்கிறீர்கள்? மோட்டாரைத் தனியாகவும் இம்பெல்லர், டிஃப்யூசரைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்தபின் ஸ்டேஜை அடுக்கிக் கப்ளிங் போட்டு டெஸ்ட் பண்ணி அனுப்புங்கள். நான்கு மாடலின் விற்பனை ஒவ்வொன்றும் 30 கூடிக் குறைகிறது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், நான்குக்கும் பொதுவான மோட்டாரின் தேவை 120 கூடிக் குறையாது, 60 தான். நான்கும் ஒரே மழைக்குச் சேர்ந்து விழுந்தால் இந்தக் கணக்கு அந்த அளவுக்கு உதவாது, ஆனால் ஸ்டேஜ் பத்தா பன்னிரண்டா என்பதை மழை தீர்மானிப்பதில்லை, போர் ஆழம்தான் தீர்மானிக்கிறது.

பழைய_பர்ச்சேஸ்

ஓசூர் தம்பி சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஸ்டேஜ் அடுக்குகிற பெஞ்சும் டெஸ்ட் டேங்கும் மாதக் கடைசியில் தாங்குமா என்று முதலில் பாருங்கள். மோட்டாரைக் குவித்து வைத்துவிட்டு டெஸ்டிங்கில் வரிசையில் நின்றால் பிரச்சினை இடம் மாறினதுதான் மிச்சம்.

அப்புறம், யாராவது வந்து ஜப்பான்காரன் ஸ்டாக்கே வைக்க மாட்டான், ஜஸ்ட் இன் டைம் என்று உங்கள் எம்.டி.யிடம் சொல்வார்கள், எங்கள் காலத்திலும் சொன்னார்கள். அந்த முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த டொயோட்டாவே 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, எந்தப் பார்ட் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று பட்டியல் எடுத்து, சிப் மாதிரிப் பொருளுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை ஸ்டாக் வைக்கச் சொல்லி சப்ளையரிடம் ஏற்பாடு செய்தது. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது மற்ற பல கம்பெனிகளைவிட அதிக நாள் தாக்குப்பிடித்ததற்கு அது பெரிய காரணம். உங்களுக்கு அப்படிப்பட்ட பொருள் எது? ஒரே ஒருவரிடம் மட்டும் வாங்குகிற த்ரஸ்ட் பேரிங்காக இருக்கலாம். அதற்கு இரண்டு மாதம் வைத்தாலும் தப்பில்லை, விலையும் கம்மி, இடமும் அடைக்காது. காப்பர் ஒயருக்கு அப்படி வைக்காதீர்கள், லண்டன் உலோகச் சந்தையில் விலை இறங்கினால் உங்கள் தலையில் விடியும்.

பம்ப்செட்_பிளானர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இருபது பார்ட் எண்ணினோம். ஏழுதான் சரியாக இருந்தது. ஸ்டோர்ஸ்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்கில் வித்தியாசம் அசெம்பிளிக்காரர்கள் இரவு ஷிஃப்ட்டில் ஸ்லிப் இல்லாமல் எடுத்தது, மூன்று ஜாப் ஒர்க், ஒன்றில் ஒரே பார்ட்டுக்கு இரண்டு கோட் இருந்தது. மீதிக்கு இன்னும் காரணம் தெரியவில்லை.

பெரியவர் சொன்னபடி பி.ஓ. தேதியும் ஜி.ஆர்.என். தேதியும் வைத்துப் பார்த்தேன். ஒரு டிஃப்யூசரில் ஆறு மாதத்தில் 31 லாட் வந்திருக்கிறது. பெரிய இழுபறி எல்லாம் பவுண்டரி தலையில் போட்டு ரிப்போர்ட் தயார் செய்துகொண்டிருந்தேன், அப்போது வார்ப்படக்காரர் எழுதியது ஞாபகம் வந்து எங்கள் மெயிலையும் தேதிவாரியாகப் பக்கத்தில் ஒட்டினேன். 31-ல் 19 லாட்டுக்கு நாங்கள் ஆர்டர் போட்டபின் அளவையோ தேதியையோ மாற்றியிருக்கிறோம். மாற்றாத 12 லாட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் விலக்கம் இரண்டு நாளுக்கும் கீழே. ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை பவுண்டரிக்கு நேரில் போனேன். இத்தனை வருஷத்தில் எங்கள் பிளானிங்கிலிருந்து ஒருவர் அங்கே போவது இதுதான் முதல் தடவையாம், டீ வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் பூட்டுவது, அடுத்த இரண்டு வாரம் டன் மட்டும் பூட்டுவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பணம் 45 நாளைத் தாண்டக் கூடாது என்பதற்கு அக்கவுண்ட்ஸ் இன்னும் சம்மதிக்கவில்லை, அதைத்தான் எம்.டி.யிடம் கொண்டுபோகப் போகிறேன். சாஃப்ட்வேர் டெமோ செவ்வாய்க்கிழமை மறுபடி இருக்கிறது. அந்த எண்ணின தாளைக் கையில் வைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன், ஏழு சரி பதிமூன்று தப்பு என்கிற ஸ்டாக்கை வைத்து உங்கள் ஏ.ஐ. என்ன செய்யும் என்று கேட்க.

ஸ்கீம் விஷயத்தில் சேல்ஸ் மேனேஜர் சிரித்தார், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் மட்டும் 20 டீலரில் எட்டுப் பேர் அனுப்புகிறார்கள்.

வார்ப்படக்காரன்

எட்டுப் பேர் அனுப்புவதே பெரிசுங்க.

அடுத்த தடவை பவுண்டரிக்குப் போகும்போது பேட்டர்ன் ரேக்கையும் ஒரு கண் பாருங்கள். உங்கள் கம்பெனி கொடுத்ததுதான் அதெல்லாம், தேய்ந்து போயிருந்தால் காஸ்டிங் கனம் கூடும், மெஷினிங்கில் ரிஜக்‌ஷன் வரும், பழி எங்கள் மேல் விழும். மாற்றித்தரச் சொல்லி நான் ஒரு கஸ்டமருக்கு நாலு மெயில் போட்டுவிட்டேன், பதிலே இல்லை. அப்புறம் ஹோலிக்கு எவ்வளவு ஊற்றி வைக்கலாம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள், ரயில் டிக்கெட் எல்லாம் பையன்கள் போட்டு முடித்திருப்பார்கள்.